சீட்டும் காசும் மறுபடி கைக்கு வர: ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு மாதம்

ஆறாம் வகுப்பில், மாரியாத்தா நோம்பித் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு மேஜிக் செட்டில் தொடங்கியது எனக்கு இந்தப் பைத்தியம். மூன்று பிளாஸ்டிக் கிண்ணம், நாலு பஞ்சுருண்டை, காசு போட்டால் மறையும் ஒரு டப்பா. எட்டாவது வரை சீட்டுக்கட்டும் கையுமாகத் திரிந்தேன். பத்தாவது வந்ததும் அம்மா கட்டைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்துவிட்டார். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். சீட்டெல்லாம் அப்பளம்போல் வளைந்து கிடந்தது. விரல் மட்டும் எதையும் மறக்கவில்லை.

சிக்கலே அங்கேதான். புதிதாகப் பழகுகிறவன் கை காலியாக இருக்கும். திரும்பி வருகிறவன் கையிலோ பதினோரு வயதில் பழகிய தப்பெல்லாம் பத்திரமாக இருக்கும். அதனால் இது முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கான பாடம் இல்லை. கொஞ்ச நாள் செய்துவிட்டு விட்டுப்போய், பதினைந்து பதினாறு வயதில் மறுபடி ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாக்கெட் மணி மிச்சம் பிடித்தால் ஐந்நூறு ரூபாய் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் முடியும், மிச்சமே வரும்.

முதல் வாரம்: ஒன்றும் வாங்க வேண்டாம்

பழைய கட்டு, பாக்கெட்டில் கிடக்கும் காசு, வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு செல்போன். இவ்வளவு போதும். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற மூன்று வித்தைகளைச் செய்து படம் பிடியுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கண்ணாடி முன்னால் பழகினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கள்ளவேலை நடக்கிற அந்த நொடியில் பலருக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடின கண்ணுக்குக் கண்ணாடியில் என்ன தெரியும்? வீடியோவில் தப்பாது. என் முதல் வீடியோவில் ஏழு தடவை கண்ணை மூடியிருந்தேன். இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன்: இரண்டு சீட்டை ஒன்றாகத் தூக்குவதற்கு முன், ஒவ்வொரு தடவையும் கட்டை இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறேன். மூன்று வருடமாக அப்படித்தான் செய்திருக்கிறேன் போல. திண்ணையில் ரம்மி ஆடியே தலை நரைத்த எங்கள் அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பா) சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அது எனக்கு அப்பவே தெரியுமுங் கண்ணு. நீ தட்டுனீன்னா என்னமோ பண்ணப்போறேன்னு அர்த்தம். பையன் மனசு நோகுமேன்னு சொல்லல” என்றார்.

பார்க்க வேண்டியவை: கண் எங்கே போகிறது, கை எப்போது விறைக்கிறது, எந்த இடத்தில் திடீரென்று வேகம் கூடுகிறது. ஒரு தாளில் தப்புகளை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் எதையும் திருத்தப்போவதில்லை, அதனால் மோசமான மூன்று மட்டும்.

இதே வாரத்தில் வீட்டிலும் ஒரு பேச்சு பேசி வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் ‘சீட்டு’ என்றால் ஒன்று மாதாமாதம் கட்டுகிற சீட்டு, இல்லாவிட்டால் காசு வைத்து ஆடுகிற சீட்டு. பையன் கையில் கட்டைப் பார்த்தால் அம்மாவுக்குப் பக்கென்று ஆகத்தான் செய்யும். கதவைச் சாத்திக்கொண்டு பழகாதீர்கள், ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து பழகுங்கள். முதல் வித்தையை யார் அதிகம் திட்டுகிறாரோ அவருக்கே காட்டுங்கள். காசு பந்தயம் மட்டும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

சீட்டுக்கட்டு வாங்கும்போது

இரண்டாவது வாரம் கடைக்குப் போங்கள். உலகம் முழுக்க வித்தைக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பைசைக்கிள் கட்டு. 1885-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய பெயர். இங்கே அதை வாங்கச் சில நூறு ரூபாய் ஆகும். இப்போது வேண்டாம். பழகுகிற காலத்தில் கட்டு தேயும், ஓரம் கிழியும், ஏதாவது ஒரு சீட்டில் டீ கொட்டும்.

மளிகைக் கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ கிடைக்கிற சாதா அட்டைக் கட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, முதுகுப் பக்கப் படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை இருக்க வேண்டும். கட்டுக்குள் ஒரு சீட்டு தலைகீழாகத் திரும்பிக் கிடந்தாலும் அந்தக் கரை காட்டிக்கொடுக்காது. படம் விளிம்பு வரை ஓடினால் ஒரு மயிரிழை விலகினாலும் தெரிந்துவிடும். இரண்டாவது, அட்டையா முழு பிளாஸ்டிக்கா என்பது. முழு பிளாஸ்டிக் கட்டு தண்ணீர் பட்டாலும் கெடாது, ரம்மிக்கு அருமை. ஆனால் புதுசில் வழுக்கிக்கொண்டு ஓடும், இரண்டு சீட்டு ஒன்றாக நிற்காது. மூன்றாவது அகலம். போக்கர் அளவு இரண்டரை அங்குலம், பிரிட்ஜ் அளவு இரண்டேகால். உங்கள் கை சின்னது என்றால் பிரிட்ஜ் அளவைக் கூச்சப்படாமல் வாங்குங்கள். வீடியோக்களில் பார்க்கிற பெரிய கைகள் உங்களுடையவை அல்ல.

ஒரே நிறத்தில், ஒரே கம்பெனியில் இரண்டு கட்டு வாங்கினால் நல்லது. ஒன்று பழக, ஒன்று காட்ட. தொலைந்த சீட்டுக்கு மாற்றும் ஆயிற்று.

சீட்டு வழுக்குவதற்குக் கேரம் போர்டு பவுடர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நானும் போட்டேன். அது போரிக் பவுடர். கையில் ஒட்டி வாய்க்குப் போகிற சமாச்சாரம், தவிர ஒரு வாரத்தில் அழுக்கைச் சேர்த்துப் பிசுபிசுக்க வைத்துவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சீட்டைத் தொட்டாலே போதும். வேலை முடிந்ததும் கட்டின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிடுங்கள். என் கட்டு பீரோ மேல் வளைந்ததற்குக் காரணம் சும்மா போட்டு வைத்ததுதான்.

காசு, லேத்துப் பட்டறை

காசு வித்தையில் நம் ஆட்களைக் குழப்புவது அளவு. அமெரிக்கப் புத்தகங்களும் வீடியோக்களும் அரை டாலரை மனதில் வைத்துப் பேசுகின்றன. அதன் குறுக்களவு 30.6 மில்லிமீட்டர், எடை 11.34 கிராம். இப்போதைய ஒரு ரூபாய் அதன் முன்னால் பொட்டுக்கடலை. அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘எனக்கு வராது’ என்று முடிவு கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட எட்டு கிராம். இன்று புழக்கத்தில் இருப்பதில் இதுதான் கைக்கு அடக்கம். இருபது ரூபாய்க் காசும் அதே 27 தான், பன்னிரண்டு பட்டையோடு இருப்பதால் விரலுக்குப் பிடி கிடைக்கும். நம் பக்கம் பத்து ரூபாய்க் காசைக் கடைக்காரர் வாங்கமாட்டேன் என்று சொன்ன காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2018-ல் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும் என்றே அறிவிக்க வேண்டியிருந்தது. வித்தைக்காரனுக்கு அந்த 14 ஒரு கண்ணி. நான்கு காசு வைத்துச் செய்கிற வித்தையில் ஒன்றில் மட்டும் கோடு கூடவோ குறையவோ இருந்தால், பார்க்கிறவர் ‘இது வேற காசு’ என்று பிடித்துவிடுவார். அதனால் கடைக்காரரிடம் சில்லறை வாங்கி, ஒரே வடிவத்தில் எட்டுக் காசு பொறுக்குங்கள். இது செலவே இல்லை. வேண்டாமென்றால் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.

வீட்டில் அமிச்சியின் (அம்மாவின் அம்மா) பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், குறுக்களவு முப்பதரை மில்லிமீட்டர். அரை டாலருக்கு அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் அது வெள்ளி, தவிர அவருடைய ஞாபகம். ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், பழகக் கேட்காதீர்கள்.

அதே அளவில் பழக இன்னொரு வழி இருக்கிறது, அதுவும் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லேசான வழி. சொந்தத்திலோ பக்கத்திலோ யாராவது லேத்து வைத்திருப்பார்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் என்றால் தெருவுக்குத் தெரு. துண்டு விழுந்த பித்தளை ராடில் முப்பது மில்லிமீட்டருக்கு, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் நாலு வில்லை அறுத்துத் தரச் சொல்லுங்கள். விளிம்பில் நேர் நர்லிங் (நெருக்கமான நேர் வரிகள்) போட்டுக் கேளுங்கள். உள்ளங்கைச் சதையில் காசு பிடித்து நிற்பதே அந்த வரிகளால்தான். விளிம்பின் கூர்மையை மட்டும் எமரித் தாளில் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். எனக்கு அறுத்துக் கொடுத்த பட்டறை அண்ணன் காசு வாங்கவில்லை, டீயும் வடையும்தான். இதில் எண்ணோ எழுத்தோ இல்லாததால் நிஜக் காசோடு குழப்பிக்கொள்ளவும் வழியில்லை. ஒன்று மட்டும்: பட்டறை இருக்கிறதே என்று நிஜக் காசைக் கடைந்து, இன்னொரு காசை மூடிக்கொள்கிற வெற்றுக் கூடு செய்யலாம் என்ற யோசனை வரும். எனக்கு வந்தது. செல்லும் காசை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். விட்டுவிடுங்கள்.

விரிப்புக்கு: வெறும் மேஜையில் காசு ‘டங்’ என்று காட்டிக்கொடுக்கும், சீட்டைக் கிள்ளி எடுக்கவும் வராது. வித்தைக்காரர்களுக்கென்று கடைகளில் விற்கிற மெத்தை விரிப்பு நம் கணக்குக்குக் கட்டாது. திருப்பூர் கட்பீஸ் கடையில் கனமான ஃபிளீஸ் துணி ஒரு துண்டு வாங்கி, பழைய பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து அதன் மேல் போட்டுக்கொண்டால் ஆயிற்று.

என் கணக்கு: இரண்டு கட்டு 140, துணி 30, டீ வடை 40, பத்து ரூபாய்க் காசு எட்டு 80. மொத்தம் 290. மீதி 210-ஐ அப்படியே வையுங்கள்.

சீட்டு: இரண்டு வித்தை, இரண்டு வாரம்

ரம்மி மேஜையில் நம் ஆட்கள் எப்படிக் கலைக்கிறார்கள்? கட்டை ஒரு கையில் நீளவாக்கில் பிடித்து, மேலிருந்து கொத்துக் கொத்தாக மற்றக் கையில் உருவிப் போடுவார்கள். மேல்நாட்டு வித்தைக்காரர்கள் இதற்கு ‘ஹிண்டு ஷஃபிள்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அதைப் புதிதாகப் பழக வேண்டும், இங்கே அப்பிச்சி மடியிலேயே பழகியாயிற்று. சினிமாவில் வருவதுபோல் இரண்டு பாதியாகப் பிரித்து விர்ரென்று கோர்க்கிற கலைப்பு நம் வீட்டில் சந்தேகத்தைத்தான் கிளப்பும். நம் கலைப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதுவே நமக்கு வேண்டும்.

முதல் வித்தை இதை வைத்தே. ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உருவிப் போட்டுக் கலைக்கத் தொடங்குங்கள். பாதியில் நிறுத்தி, இடது கையில் விழுந்திருக்கும் கொத்தின் மேல் அவர் சீட்டை வைக்கச் சொல்லுங்கள். வலது கையில் மீதிக் கட்டு இருக்கிறது. அதன் ஓரத்தால் இடது கொத்தை ஒழுங்குபடுத்துகிற சாக்கில், வலது கைக் கட்டின் அடியிலிருக்கும் சீட்டைக் கண்ணால் தொட்டுவிடுங்கள். கிளாவர் ஏழு என்று வைத்துக்கொள்வோம். மீதிக் கட்டை அப்படியே மேலே போடுங்கள். இப்போது அவர் சீட்டுக்கு நேர் மேலே கிளாவர் ஏழு. அவரே எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டி வைக்கட்டும், அந்த ஜோடி அநேகமாகப் பிரியாது.

இனி மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரியப் போடுங்கள். கிளாவர் ஏழு வந்ததா, அடுத்தது அவர் சீட்டு. அங்கே நிற்காதீர்கள். இன்னும் நாலைந்து போட்டுவிட்டு, கட்டின் மேல் விரலை வைத்து, “அடுத்து நான் திருப்பற சீட்டு உங்க சீட்டுங்க” என்று சொல்லுங்கள். தன் சீட்டு ஏற்கெனவே போய்விட்டதே என்று அவர் உள்ளுக்குள் சிரிப்பார். நீங்கள் கட்டை விட்டுவிட்டு, கீழே கிடப்பதிலிருந்து அவர் சீட்டை எடுத்துக் குப்புறத் திருப்புங்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் இதைச் செய்தபோது நான் கிளாவர் ஏழைப் பார்த்ததும் கை நின்றுவிடும். இந்த வித்தையில் திருத்த வேண்டியது அந்த ஒரு நொடிதான். எல்லாச் சீட்டையும் ஒரே தாளத்தில் போடப் பழகுங்கள்.

ரம்மிக்காரர்களிடம் இருபத்தோரு சீட்டை மூன்று வரிசையாக அடுக்குகிற பழைய கணக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியும், மீதிப்பேர் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, டபுள் லிஃப்ட். மேலிருக்கும் இரண்டு சீட்டை ஒன்றுபோல் திருப்பிக் காட்டுவது. இதை வைத்து, கட்டின் நடுவில் செருகிய சீட்டை மறுபடி மறுபடி மேலே கொண்டுவரலாம். எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட அமெரிக்க வித்தைக்காரர் ஹௌடினியை, 1922-ல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர் திரும்பத் திரும்பத் திணறடித்தது சீட்டு மேலே ஏறிவருகிற இந்த வகை வித்தையில்தான். ஹௌடினி கையெழுத்திட்ட சீட்டை வெர்னன் மேலிருந்து இரண்டாவதாக வைத்தார். அது ஒவ்வொரு தடவையும் மேலே வந்தது.

திரும்பி வருகிறவர்கள் செய்கிற தப்பு: திருப்புகிற நேரத்தில் இரண்டைத் தேடுவது. முன்கூட்டியே எடுத்து வைத்துவிட வேண்டும். அவரிடம் ஏதாவது கேள்வி கேளுங்கள், அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிற நேரத்தில் மேல் இரண்டின் கீழே சுண்டுவிரல் நுனிச் சதையைக் கொடுத்து ஒரு மெல்லிய இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்புவது அலட்சியமாக இருக்கட்டும். ஒற்றைச் சீட்டை நீங்கள் எப்படித் திருப்புவீர்கள் என்று முதலில் படம் பிடியுங்கள். இரட்டையை அதேபோல் திருப்புங்கள். பலர் இரட்டையை அழகாகப் பழகிவிட்டு, ஒற்றையை வேறு மாதிரி திருப்பி மாட்டிக்கொள்கிறார்கள்.

காசு: ஒரு வாரம், அப்புறம் எப்போதும்

விரல் மடிப்பில் காசை ஒளிப்பதைப் பழகத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். நடுவிரல், மோதிரவிரல் அடிப்பக்கத்தில் காசை வைத்து விரலைக் கொஞ்சமாக மடக்கிக்கொண்டு அன்றாட வேலையைச் செய்யுங்கள். கதவு திற, தண்ணீர் மொள், செருப்பு மாட்டு. சத்தியமங்கலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி பழகினேன் நான். ஒரு திருப்பத்தில் காசு நழுவி உருண்டு கண்டக்டர் காலடியில் நின்றது. “சில்லறை இருந்தா மொதல்லயே குடுக்கோணுமுங் தம்பி” என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். டிக்கெட் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபிரெஞ்ச் டிராப் எல்லோருக்கும் தெரியும், சரியாகச் செய்கிறவர் குறைவு. இடது கை விரல்நுனியில் காசு, வலது கை எடுப்பதுபோல் மூடுகிறது, காசு இடது கைக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. இதைத் திருத்த ஒரே மருந்து: பத்து தடவை நிஜமாகவே காசை எடுங்கள். படம் பிடியுங்கள். எடுத்த கையை நீங்கள் கண்ணால் பின்தொடர்வீர்கள், காலியான இடது கை தொய்ந்து கீழே இறங்கும். இப்போது பொய்யாகப் பத்து. இரண்டையும் மாற்றி மாற்றி, எது நிஜம் என்று தங்கச்சியைச் சொல்லச் சொல்லுங்கள். என் தங்கை முதல் நாள் இருபதுக்கு இருபது சொன்னாள். இடது கை செத்த குருவிபோல் விறைத்து நிற்கிறதாம்.

காற்றைப் பற்றி ஒன்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சீட்டு எம்மாத்திரம். மொட்டை மாடி, தோட்டம், களத்துமேடு என்றால் அந்த மாதங்களில் காசு மட்டும் எடுத்துப் போங்கள்.

ஆளுக்கு முன்னால்

நாலாவது வாரம் முடிவதற்குள் ஐந்து பேருக்காவது காட்டியிருக்க வேண்டும். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். பேச்சை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நீங்கள் பேசுகிற பேச்சில். வீடியோவில் கேட்ட இங்கிலீஷை மனப்பாடம் செய்து “பிக் எனி கார்டு” என்று பெரியம்மாவிடம் சொன்னால் அவர் உங்களைத்தான் பார்ப்பார், சீட்டைப் பார்க்கமாட்டார். “ஒண்ண எடுங்க பெரிம்மா, எனக்குக் காட்டிப்போடாதீங்க” போதும். நம் மொழியில் இந்தக் கலைக்குச் செப்பிடு வித்தை என்றே பெயர் இருக்கிறது. செப்பு என்பது கிண்ணம். நோம்பிக் கடை பிளாஸ்டிக் கிண்ணம் வரைக்கும் அந்தச் செப்புதான்.

இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால், 1902-ல் எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய சீட்டுப் புத்தகம் காப்புரிமை முடிந்து இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) கிடைக்கிறது. எழுதியவர் யார் என்பதே இன்னும் தகராறுதான். நடை கடினம், மேலே சொன்ன இரண்டும் கைக்கு வந்தபிறகு திறந்து பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கண்டிப்பாக மாட்டுவீர்கள். “அந்தக் கையக் காட்டு” என்று யாராவது சொன்னால் மறைக்காமல் காட்டிவிட்டு, சிரித்து, அடுத்ததற்குப் போங்கள். வாதாடினால் அடுத்த தடவை கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக வந்த வித்தையை “இன்னொருக்கா” என்று கேட்டால் அதையே செய்யாதீர்கள், வேறொன்றைச் செய்யுங்கள். அதனால்தான் சீட்டில் இரண்டு, காசில் ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

மீதி 210 ரூபாய் இருக்கிறதல்லவா? மாதம் முடிந்து முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தாளில் எழுதிய மூன்று தப்பில் குறைந்தது இரண்டு போயிருந்தால், கொஞ்சம் சேர்த்து அந்த பைசைக்கிள் கட்டை வாங்கிக்கொள்ளலாம். எனக்குக் கண் மூடுவது நின்றது, தாளம் சரியானது. கட்டைத் தட்டுவது மட்டும் போக இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அப்பிச்சிக்கு மறுபடி காட்டினபோது அவர் என் கையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தட்டலையேடா” என்றார்.